ஒரு புகாரும் இல்லாத ஓட்டல்

“சீ! தலையணையில முடி!” என்று போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள் அவள். “போட்டோவே எடுத்துப் போட்டிருக்காங்க. சுருட்டை முடி. இந்த ஓட்டல் வேண்டவே வேண்டாம்.”

“சரி, அடுத்ததைப் பாரு,” என்றான் கணவன். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் அவன் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டது அவளுக்கே புதுசாக இருந்தது.

அவன் வீடு வீடாகப் போய்ப் பூச்சிமருந்து அடிப்பவன். தெருவில் ‘மூட்டைப்பூச்சி டாக்டர்’ என்றால்தான் தெரியும். சாயங்காலம் மருந்து நாற்றத்தோடு வருவான். சரியாகச் சாப்பிட உட்கார்ந்ததும்தான், யார் வீட்டு மெத்தைக்குள் என்ன நெளிந்தது என்று விவரிக்க ஆரம்பிப்பான். பாதிச் சாப்பாட்டில் அவள் எழுந்து போனது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். பெரிய நகரத்துக்குப் போய், நல்ல உயரமான ஓட்டலில், சலவை மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பில் இரண்டு ராத்திரி தூங்க வேண்டும். பூச்சி என்ற பேச்சே காதில் விழக் கூடாது.

“ஓட்டல் மெத்தைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்” என்று வருஷா வருஷம் தட்டிக் கழித்தவன், போன வாரம் அவனாகவே வந்து, “சனி, ஞாயிறு போயிட்டு வரலாமா?” என்றான். கொஞ்ச நாளாகத் தொழில் படுத்துக் கிடந்தது. சும்மா இருக்கிற நேரத்திலாவது பெண்டாட்டி ஞாபகம் வந்ததே என்று அவள் உடனே அக்காவுக்குப் போன் செய்து, பிள்ளைகளை அங்கே விட ஏற்பாடும் செய்துவிட்டாள்.

“இதைக் கேளுங்க. குளியலறைச் சாக்கடை ஓட்டையிலேருந்து கரப்பான் மீசையை ஆட்டிச்சாம். உவ்வே!”

“தள்ளு.”

“இது ஸ்டேஷன் பக்கத்துல. அழகாத்தான் இருக்கு. ஆனா யாரோ ஒரு அம்மா, ராத்திரி படுத்து எழுந்தா முதுகெல்லாம் தடிப்புன்னு எழுதியிருக்காங்க.”

“மூட்டைப்பூச்சி. இந்நேரம் அங்க எவனாவது மருந்து அடிச்சிட்டிருப்பான். நமக்கு ஆகாது.” சொல்லிவிட்டு முன்கையை வறட் வறட்டென்று சொறிந்தான்.

அவளுக்கு உடம்பு கூசியது. அந்த முன்கையில், தம்ளரைக் கவிழ்த்து அச்சு வைத்த மாதிரி வட்டமாகச் சிவந்து தடித்திருந்தது. இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. அவளும் களிம்பு தடவித் தடவி அலுத்துவிட்டாள்.

“மருந்து ஒத்துக்கலைன்னு சொல்றீங்க, டாக்டர்கிட்டயும் வர மாட்டேங்கறீங்க. சொறியாதீங்க, அருவருப்பா இருக்கு.”

“அது தானா போயிடும்,” என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். “நீ ஓட்டலைப் பாரு.”

கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஏழு மாடி. இருநூறு பேர் எழுதியிருந்தார்கள், ஒரு புகார் கிடையாது. அவள் கட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். விரிப்பில் பொட்டுக் கறை இல்லை.

“போன் பண்ணி ஒண்ணே ஒண்ணு கேட்டுடு,” என்றான். “பூச்சிக்கு மருந்து அடிக்க யாரு வர்றாங்கன்னு.”

“அங்க போயுமா உங்க தொழில்?” என்று அலுத்துக்கொண்டேதான் கேட்டாள். வரவேற்பில் இருந்த பெண் வெடுக்கென்று பதில் சொன்னாள்.

“யாரும் வர்றதில்லையாம். அதுக்கு இதுவரைக்கும் அவசியமே வரலையாம். கோவிச்சுக்கிட்டாங்க.”

அவன் முகம் மலர்ந்தது. “அப்ப அதையே போடு!”

தனக்காக இந்த மனுஷன் ஓட்டல்களைச் சல்லடை போட்டுச் சலிப்பான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பதினோரு வருஷச் சாப்பாட்டு நேரங்களை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டி அடுக்கினாள். புது இரவு உடையை வைக்க இடம் ஒதுக்கியபோது, அவன் சட்டைகளுக்கு நடுவே துண்டில் சுருட்டிய ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. சென்ட் பாட்டிலா? தனக்குத் தெரியாமல் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறானா? சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரித்தாள்.

பழைய ஜாம் பாட்டில். மூடி இல்லை. வாயில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. உள்ளே மடித்துத் திணித்த காகிதத்தின் மேல், ஆப்பிள் விதை போலப் பழுப்பாக நூறு இருநூறு கிடந்தன.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். விதைகள் ஊர்ந்தன. துணியில் காய்ந்த ரத்தப் பொட்டுகள் இருந்தன.

பாட்டிலின் வாயைப் பார்த்தாள். வாசற்படியில் வந்து நின்ற கணவனின் முன்கையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே வட்டம்.

“உங்க ரத்தத்தைக் கொடுத்தா… இதை வளர்த்தீங்க?”

“ஐயையோ, கீழ போட்டுடாதே! ரெண்டு மாசத்து உழைப்பு,” என்று ஓடி வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டான். “கீழ வரவேற்புல இருக்கற சோபாவுல அவுத்து விட்டுட்டு, மேனேஜர் கையில நம்ம கார்டைக் கொடுத்துட்டு வந்துடணும். அப்புறம் பாரு, ஏழு மாடிக்கும் மருந்து அடிக்க நம்மளைத்தான் கூப்பிடுவாங்க.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு, மடித்த இரவு உடையோடு அப்படியே நின்றாள். அவளுடைய கவலை என்னவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து, ரொம்பக் கனிவாகச் சொன்னான்:

“பயப்படாதே. நம்ம கட்டில்ல ஒண்ணுகூட விட மாட்டேன்.”