பஸ் ஏறாத மகன்

அம்மாவுக்கு நோய் கடுமையாக இருக்கிறது என்று டயகமவிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகும் கந்தப்பன் பஸ் ஏறவில்லை. நடந்தே போகப்போவதாகச் சொல்லிவிட்டான்.

“பெத்த தாயிக்குக்கூடவா கணக்குப் பாப்பீங்க?” என்று கேட்டாள் பொண்டாட்டி காளியாயி.

கேட்கத்தான் செய்வாள். கந்தப்பன் காசு விஷயத்தில் கெட்டி என்று கந்தப்பளைத் தோட்டம் முழுக்கப் பேச்சு. தீபாவளிக்கு வாங்கிய சட்டையை அடுத்த தீபாவளிக்கும் புதுச் சட்டை என்று சொல்லிப் போடுகிறவன்.

ஆனால் இன்றைக்கு அவன் முகம் வேறு மாதிரி இருந்தது.

“அம்மா போயிருச்சு காளியாயி” என்றான்.

அவள் திடுக்கிட்டாள். சேதி கொண்டுவந்த செல்லசாமி அப்படி ஒன்றும் சொல்லவில்லையே, கடுமை என்றுதானே சொன்னார் என்றாள்.

“வேற எப்பிடிச் சொல்லுவாங்க? எங்கப்பா செத்தப்பவும் கடுமைன்னுதான் ஆள் விட்டாங்க.”

அதுவும் உண்மைதான். எந்தத் தோட்டத்து லய வீட்டில் சாவு விழுந்தாலும் தூரத்துப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சேதி போகும். வழியில் மனசு உடைந்து விழுந்துவிடக் கூடாதே என்று செய்கிற ஏற்பாடு. கேட்கிறவனும் துருவிக் கேட்கமாட்டான்.

செல்லசாமி கந்தப்பனுக்குச் சித்தப்பா மகன். அம்மா செல்லசாமி வீட்டில்தான் இருந்தாள். காலையில் வந்தவன் உட்காரவில்லை. காளியாயி நீட்டிய தேத்தண்ணியையும் வேண்டாம் என்றான். கேதம் சொல்ல வந்தவன்தான் அந்த வீட்டில் வாய் நனைக்கமாட்டான். ராகலையில் இருக்கும் கந்தப்பனின் தங்கச்சி அழகம்மாவுக்கும் சொல்ல வேண்டும் என்று நின்ற நிலையிலேயே போய்விட்டான். இதற்குமேல் என்ன தெரிய வேண்டியிருக்கிறது?

சம்பளம் போட இன்னும் நாள் இருந்தது. கையில் இருந்த காசு பஸ்ஸுக்குப் போதும், இல்லையென்றால் பிணத்துக்குப் போர்த்தும் ஒரு கோடிச் சேலைக்குக் காணும். கோடி போட வேண்டிய அம்மாவின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவளைக் கடைசியில் பழஞ்சேலையோடு அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. அவன் ஒரே மகன். அவன் போகாமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள்.

நுவரெலியாவில் ராசிக் முதலாளியின் துணிக்கடையில் நல்ல சேலையாகப் பார்த்து எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலாளி பதறிப்போனார். இவ்வளவு தூரம் நடப்பதாவது என்று கடிந்துகொண்டார்.

“பஸ்ஸுக்கு நான் தாறேன். சம்பளம் எடுத்துத் தாங்க. வெரசாப் போய்ச் சேருங்க.”

“இனிமே என்னா அவசரம் மொதலாளி? அவங்கதான் போயிட்டாங்களே” என்றான் கந்தப்பன்.

கடன் சொல்லிப் பழக்கமில்லை அவனுக்கு. கும்பிட்டுவிட்டு நடந்தான்.

ரோட்டில் பின்னால் வந்த பஸ்ஸுக்கு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். அம்பேவலைப் பக்கம் மலைப்பாதையில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. தலையில் போட்டிருந்த கம்பளியை எடுத்துச் சேலைப் பொட்டலத்தைச் சுற்றினான். அவன் நனைந்தான். ஆளில்லாத இடமாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதான். உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இதையாவது செய்கிறோமே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

டயகமவை எட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. லயத்துப் பக்கம் காதைக் கொடுத்தான். சாவு வீட்டில் அடிக்கும் தப்புச் சத்தம் கேட்கவில்லை. ஒரு தப்புக்குக்கூட வழியில்லாமலா என் தாய் கிடக்கிறாள் என்று அவனுக்குக் கோபம் வந்தது.

லயத்து முனையில் செல்லசாமி எதிரே ஓடிவந்தான். அவனும் அழகம்மாவும் பஸ்ஸில் மத்தியானமே வந்து சேர்ந்திருந்தார்கள்.

“தப்புக்காரங்களுக்குச் சொல்லத்தாண்ணே ஓடுறேன்” என்றான்.

“இன்னுமா சொல்லல?”

“எப்பிடிண்ணே முன்னாடியே சொல்றது? இப்பத்தானே உசுரு அடங்குச்சு.”

கந்தப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“காலையில வந்தப்ப நீ தேத்தண்ணிகூடக் குடிக்கலையேடா?”

“குடிச்சுக்கிட்டு நிக்க நேரம் எங்கண்ணே இருந்துச்சு? கண்ணு மூடுறதுக்குள்ள ஒங்க ரெண்டு பேரையும் கொண்டாந்து காட்டிப்புடணும்னுதானே ஓடியாந்தேன்.”

கந்தப்பன் எப்படி வாசலுக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. சேலைப் பொட்டலம் கையில் இருந்தது. உள்ளே இருந்து ஓடிவந்த அழகம்மா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எங்கண்ணே போன? பஸ்ஸு சத்தம் கேக்குறப்பெல்லாம், ‘அண்ணன் இதுல வந்துருப்பான், போயிப் பாரு’ன்னு என்னைய வாசலுக்கு வெரட்டிக்கிட்டே இருந்துச்சுண்ணே அம்மா.”