வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பள்ளிக்கூடம்

"இஞ்சேருங்கோ, வீட்டுக்குப் பக்கத்திலை புத்தம் புதுப் பள்ளிக்கூடம். ஏறிப் போக மஞ்சள் பஸ், அதுக்குக் காசும் இல்லை. பிறகென்னத்துக்கு எங்கட பள்ளிக்கூடத்துக்கே வந்து விழ வேணும்?"

சட்டியில் வெங்காயம் பொரிந்ததை விட இராசாத்தி அதிகமாகப் பொரிந்தாள். அகப்பை போன போக்கைப் பார்த்து, புருசன் ஏர்னஸ்ற் ஓரடி தள்ளியே நின்றான்.

"ஆரைச் சொல்லுறாய்?"

"வேற ஆரை? அகஸ்ரீனாவைத்தான்."

"அவ உன்ரை கூட்டாளியெல்லே?"

"இருந்தவ! புது வீட்டுக் குடிபூரலுக்கு வீடு தேடி வந்து சொல்லாமல் போனிலை சொன்னவ. அண்டையோடை கதை முடிஞ்சுது."

"அவ அப்ப காய்ச்சலிலை கிடந்தவவாம்."

"காய்ச்சலெண்டா மனுசனை அனுப்பியிருக்கலாம்தானே?"

ஏர்னஸ்ற் தேத்தண்ணியைக் குடித்தான்.

அகஸ்ரீனா முந்தி இத்தாலியின் பலெர்மோப் பழைய நகரத்தில், வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில், இவர்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தவள். நகரத்து ஓரத்தில், பிரான்காச்சோவுக்கும் அங்காலே எலுமிச்சந் தோட்டங்களை வெட்டி, அரசாங்கத்து உதவிக்காசில் அடுக்குவீடுகள் எழும்பின. குறைந்த வட்டிக்குக் கடனும் கிடைத்தது. தெருவில் பாதிச் சனம் மூட்டை கட்டியது, அகஸ்ரீனாவும் கட்டினாள். ஆனால் மகன் ஸ்ரீபனை மட்டும் இரண்டு பஸ் மாறிப் பழைய பள்ளிக்கூடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்தாள்.

இராசாத்தியின் மகள் அனிற்றாவும் அதே இரண்டாம் வகுப்பு. இவ்வளவு நாளும் முணுமுணுப்போடு நின்றவள் இப்போது வாய்விட்டே கத்தத் தொடங்கினாள். அது 2007 தை மாதம், அடுத்த வருடத்துக்குப் பெயர் பதியும் காலம். அந்த வகுப்புப் பிள்ளைகளை நகரத்தின் மற்ற முனையில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாற்றப் போகிறார்களாம் என்று வாசலில் ஒரே கதை.

அங்கே மாற்றினால் அனிற்றாவை விட்டுவிட்டு லிபெர்த்தாத் தெருவில், 'சின்யோரா' என்று அவள் கூப்பிடும் இத்தாலிய அம்மாவின் வீட்டு வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அந்தச் சின்யோராவோ, பிந்தி வந்தால் வேறு ஆளைப் பிடிப்பேன் என்று சொல்லியே வேலைக்கு எடுத்தவள்.

"இடம் காணாமல்தானே மாத்தப் போகினம்?" என்றாள் இராசாத்தி. "ஊரிலை பிள்ளையைச் சேர்க்கப் போனா முதல் என்ன கேக்கிறவை? வீடு எங்கை எண்டுதானே! வெளிப்பிள்ளையள் வந்து இடத்தைப் பிடிச்சா எங்கட பிள்ளை எங்கை போறது?"

"இஞ்சையும் அப்பிடியோ தெரியாது. கேட்டுப்போட்டுக் கதை."

"ஓம், கேக்கத்தான் போறன். நல்லாக் கேக்கிறன் பாருங்கோ."

அடுத்த நாள் காலை மழை. மணி அடித்து, வாசல் கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் அகஸ்ரீனா தலை நனைய ஓடி வந்தாள். ஸ்ரீபனுக்கு இன்னும் பாதி நித்திரை.

இராசாத்தி அவளோடு கதைப்பதில்லையே. அதனால் மகளுக்குச் சொன்னாள், வாசல் முழுக்கக் கேட்க.

"அனிற்றா, சில பேருக்குப் புது வீடும் வேணும், பழைய பள்ளிக்கூடமும் வேணும், என்ன?"

"ஆருக்கம்மா?" என்று அனிற்றா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

அகஸ்ரீனாவும் தன் மகனுக்குத்தான் சொன்னாள். "ஸ்ரீபன், மூக்கைத் துடைச்சுக்கொண்டு ஓடு. ரீச்சர் பாக்கிறா."

பிறகு இராசாத்தியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிரிப்பைத்தான் இராசாத்தியால் தாங்க முடியவில்லை. சின்யோரா வீட்டு யன்னலைத் துடைத்தபடியே சொல்ல வேண்டியதையெல்லாம் இத்தாலியனில் பாடமாக்கினாள். மத்தியானம் அனிற்றாவைக் கூட்டிவரப் போனதும் நேரே வகுப்பு ஆசிரியையிடம் நின்றாள்.

"மயெஸ்த்ரா, ஸ்ரீபன்ரை வீடு இப்ப இஞ்சை இல்லை. அங்கை அவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. இடம் காணாட்டி வெளிப்பிள்ளையளை முதல் அனுப்புங்கோ. எங்கட பிள்ளையளை ஏன் அனுப்புறியள்?"

ஆசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"சின்யோரா, பிள்ளைகள் கூடிப்போனதால் வந்த பேச்சில்லை இது. குறைந்துபோனதால் வந்தது."

"குறைஞ்சோ?"

"நகரத்துக்கு வெளியே வீடு கட்ட உதவிப்பணம் கொடுத்தார்கள். குடும்பங்கள் போயின, பிள்ளைகள் போனார்கள், பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்கு வருகிற காசும் போனது. அங்கே புதுக் கட்டடம், இங்கே வெறும் கதிரைகள். இன்னும் ஒரு பிள்ளை குறைந்தாலும் இந்த வகுப்பைப் பூட்டிவிடுவார்கள்."

இராசாத்தி பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் அப்படியே இருந்துவிட்டாள்.

"அப்ப ஸ்ரீபன் போனா..."

"பூட்டு விழும். அவனுக்கு அங்கே இடம் கிடைத்து ஒரு வருடமாகிறது. உங்கள் பிள்ளையை ஏன் மழையில் அலைக்கிறீர்கள், கொண்டு போங்கள் என்று நானே அகஸ்ரீனாவிடம் சொன்னேன். வகுப்பைப் பூட்டினால் அனிற்றாவின் அம்மா எப்படி வேலைக்குப் போவாள் என்று அவள்தான் என்னைத் திருப்பிக் கேட்டாள்."

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லேல்லையே அவ!"

"என்னையும் சொல்ல விடவில்லை, சின்யோரா. 'அவள் இப்போது என்னோடு கோபம். தெரிந்தால், ரோசத்தில் தன் பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவாள்' என்றாள்."