காதில் பஞ்சு

ஜீவந்தரனின் இடது காதில் பஞ்சு இருந்தது. திருகோணமலையிலிருந்து அன்று காலையில்தான் காஞ்சிபுரம் வந்து இறங்கியிருந்தான்.

"காதுல மறுபடியும் சீழா, மாப்பிள்ளை?" என்று கேட்டபடி மாமியார் தனலட்சுமி இலையில் சோறு போட்டாள்.

"கடல்ல முழுகினா பின்ன என்னம்மா ஆகும்? உப்புத்தண்ணி பூந்திருக்கும்" என்றான் அவள் மகன் ஜினதாஸ், பக்கத்து இலையிலிருந்து. "காலேஜ் வாத்தியார். நாம சொன்னா கேப்பாரா?"

சமண வீடு. பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு யாரும் இலையில் உட்கார மாட்டார்கள். எதிர்ச்சுவரில் இன்னும் வெயில் இருந்தது.

போன வருஷம் ஜீவந்தரனின் மனைவி திரிசலா அந்தக் கடலில்தான் போனாள். திருகோணமலையில் பெரிய வீடுகளுக்குப் பட்டுப் புடவை விற்கப் போன ஜினதாஸ், பெண்களுக்குக் கட்டிக் காட்ட ஒரு பெண் வேண்டும் என்று தங்கையை அழைத்துப் போனான். ஜீவந்தரனுக்கு லீவு கிடைக்கவில்லை.

திருகோணமலைக் கரைக்குக் கிட்டத்தில் படகு கவிழ்ந்தது. ஜினதாஸ் மட்டும் திரும்பி வந்தான். படகும் புடவை மூட்டையும் அடியில் போய்விட்டன, தங்கை கையைக் கடைசிவரை பிடித்திருந்தேன், அலை பிடுங்கிக்கொண்டது என்று அழுதான். திரிசலாவின் உடல் கிடைக்கவில்லை. தெருவே திரண்டு வந்து ஜினதாஸுக்கு ஆறுதல் சொன்னது.

"கடலுக்குள்ள எப்படி மூச்சு வுடறது?" என்றாள் தனலட்சுமி.

"முதுகுல காத்து அடைச்ச சிலிண்டர், அத்தை. வாயில ரப்பர் குழாய். மூக்கை மறந்துடணும்."

"யாரு கத்துக் குடுத்தாங்க?"

"தேவசகாயம்னு ஒருத்தர். வெளியூர்க்காரங்களுக்கு அவர்தான் சொல்லித் தர்றார். முகக் கண்ணாடியில எச்சில் துப்பித் தேய்க்கணும், இல்லேன்னா ஆவி மூடிக்கும். இடுப்புல ஈயக் கட்டி. மேல வர்றப்போ நாம வுட்ட குமிழியை நாமளே முந்தக்கூடாது."

ஜினதாஸ் சிரித்தான். "பாடம் நடத்தறாரு பாரும்மா. போய்ட்டு வர்றதுக்குள்ள மீனாயிட்டாரு. எதுக்கு மாப்ளே இவ்ளோ பாடு? காலையில கடையில கேட்டப்போ அம்மா எதிர்லதான் சொல்லுவேன்னுட்டே."

"படகைப் பார்க்கத்தான், மச்சான்."

ஜினதாஸின் கை இலையில் நின்றது. "பார்த்தியா?"

"மணல்ல கவுந்து கெடக்குது."

தனலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். "எம் பொண்ணு?"

"அவ இல்ல, அத்தை." ஜீவந்தரன் ஒரு கவளம் உருட்டி விழுங்கினான். "மூட்டை இருந்துச்சு."

"எந்த மூட்டை?" என்றான் ஜினதாஸ்.

"உங்க மூட்டைதான். படகுக்கு அடியில மாட்டிக்கினு இருந்துச்சு. மேல கொண்டாந்து பிரிச்சோம். தண்ணி பூந்து பட்டெல்லாம் கூழாயிடுச்சு. ஜரிகை கரி மாதிரி இருக்குது. கட்டின ஆளுக்குத் தொழில் தெரியலன்னு தேவசகாயமே சிரிச்சாரு."

ஜினதாஸின் முகம் சிவந்தது. மழைக்காலத்தில் வெளியூருக்குச் சரக்குப் போகவேண்டுமென்றால் மற்ற கடைக்காரர்கள்கூட அவனைத்தான் கூப்பிடுவார்கள். மெழுகுத் துணியை இறுக்கிச் சுற்றி அவன் கட்டும் மூட்டைக்குள் சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று ஊரில் பேர் இருந்தது.

"யாருக்குத் தொழில் தெரியல?" என்று இலையைத் தட்டினான். "அது வேற எவனோ கட்டினது! நான் கட்டின மூட்டையில தண்ணி பூருமா? பாலாத்து வெள்ளத்துல மூட்டையைப் புடிச்சுக்கினே வாலாஜாபாத்ல கரையேறினவன் நான். ஏன், திருகோணமலையில கரைக்கு வந்து பிரிச்சுப் பார்த்தேனே, ஒரு பொடவை நனைஞ்சிருந்துச்சா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது கேட்டது.

ஜீவந்தரன் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான்.

"முழுகிடுச்சுன்னியே" என்றாள் தனலட்சுமி.

"அம்மா, அது வந்து..."

"மிதந்துச்சா?"

ஜினதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"மிதந்ததைப் புடிச்சுக்கினு நீ கரைக்கு வந்தே. அப்போ எம் பொண்ணு எதைடா புடிச்சுக்கினு இருந்தா?"

"அவளும் அதைத்தான் புடிச்சா" என்றான். "அது ஒருத்தரைத்தான் தாங்கும்மா. ரெண்டு பேரும் போயிருப்போம்."

"அதனால?"

"விரலைப் பிரிச்சு வுட்டேன்."

தனலட்சுமி குனிந்து மகனின் இலையைச் சோற்றோடு மடித்து எடுத்தாள்.

"பொழுது இறங்கிடுச்சு. எழுந்து போ."

சுவரில் வெயில் அப்படியே இருந்தது. ஜினதாஸ் அதைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கை கழுவாமல் எழுந்தான். நிலைப்படியில் நின்று திரும்பினான்.

"எவன் மூட்டையையோ பார்த்துட்டு வந்து என் குடியைக் கெடுத்துட்டியேடா. அதுக்காகவா கடல்ல அவ்ளோ ஆழம் இறங்கினே?"

ஜீவந்தரன் காதிலிருந்த பஞ்சை எடுத்தான். மஞ்சளாக ஊறியிருந்தது. சட்டைப் பையிலிருந்து புதுப் பஞ்சைக் கிள்ளி, நிதானமாக உருட்டி வைத்துக்கொண்டான்.

"சின்ன வயசுலேர்ந்து ஓட்டைக் காது, மச்சான். நான் கடல்ல இறங்கவே இல்ல."