வலிக்கு வாசல் காத்த சாம்பல்

ஒரு மானின் நடுமூளையில் சாம்பல் நிறச் சதையொன்று வலிக்கு வாசல் காத்துவந்தது. நாய்கள் துரத்திய அன்று, காலிலிருந்து வலி ஓடிவந்தது.

“அண்ணே, வழி விடுங்க. குளம்புல கண்ணாடி ஏறிடுச்சு.”

“உன்னை விட்டா இவ நின்னுடுவா. ஓரமா உட்காரு.”

மான் ஓடியது. நாய்கள் சலித்துத் திரும்பிய பிறகும், இன்னும் கொஞ்சம் தூரம் போகட்டும் என்று சாம்பல் கதவைத் திறக்கவில்லை. பொழுது சாய்ந்துதான் திறந்தது.

“இப்ப போய்ச் சொல்லு.”

“என்னத்தைச் சொல்ல? ஓடின ஓட்டத்துல கண்ணாடி தசைநாரையே அறுத்துடுச்சு.”

வலி உள்ளே போனதும் மான் அலறி விழுந்தது. அலறல் கேட்டு நாய்கள் திரும்பி வந்தன.

“ஓடு!” என்று சாம்பல் கத்தியது. கால் எழவில்லை.

“தம்பி...” என்றது சாம்பல். வலி வெளியே வரக் கதவைத் திறந்து பிடித்தது.

“கடைசி நேரத்துல அவளுக்கு நான் வேணாம்ணே” என்று வலி தானாகவே வெளியே வந்து, ஓரமாக உட்கார்ந்தது.