நன்றாக உறையும் ரத்தம்

இயந்திரம் நிற்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

பல் டாக்டரின் நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்த பிரகதீஸ்வரிக்கு மூச்சே சரியாக வரவில்லை. மேசைமேல் மிக்சி அளவுக்கு இருந்த அந்தப் பெட்டிக்குள் அவளுடைய ரத்தம் நான்கு குழாய்களில் சுற்றிக்கொண்டிருந்தது. உறைந்தால் கல்யாணம். உறையாவிட்டால் இந்த வரனும் போச்சு.

கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் வரப்போகும் மாமியார் உண்ணாமலை. வெளியே இருங்கம்மா என்று டாக்டர் கலைமதி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாயிற்று. நகர்கிற ஆளா அவர்?

நிச்சயதார்த்த போட்டோவை போனில் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, மருமகளின் மேல்வரிசை முன்பல்லில் ஈறு ஏறிப்போய் வேர் தெரிவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சிங்கப்பூரில் இருந்த மாப்பிள்ளைக்கு அது கண்ணில் படவே இல்லை. அம்மாவுக்கோ கல்யாண ஆல்பத்தை நினைத்தே தூக்கம் போய்விட்டது. அன்னவாசலிலிருந்து மருமகளைக் கையோடு புதுக்கோட்டைக்கு அழைத்து வந்துவிட்டார்.

போன வாரம் டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவளுடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்துச் சுற்றவிட்டால், நடுவில் தயிர் ஆடை மாதிரி மஞ்சளாக ஒன்று உறையும். அதை அழுத்திப் படலமாக்கி ஈறுக்கு அடியில் வைத்துத் தைத்தால் புண் சீக்கிரம் ஆறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் சரியாக வராது.

"அப்படி மாத்திரை ஏதும் எடுக்குறீங்களா?"

பிரகதீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் உண்ணாமலை முந்திக்கொண்டார். "எங்க வீட்டுக்கு வர்ற புள்ளை டாக்டரம்மா. ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டது இல்ல. விசாரிக்காமயா பண்ணுவோம்?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அன்றைக்கே உண்ணாமலை அத்தையின் கண் அவள் காலுக்கும் போயிற்று. நிச்சயத்துக்குப் போட்ட வெள்ளிக் கொலுசு இரண்டும் மெலிந்த கால்களில் தொளதொளவென்று கிடந்தன. அடுத்த தடவை வரும்போது ஆசாரியிடம் கொடுத்து இரண்டு கண்ணி கழற்றிவிட வேண்டும் என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது காலில் ரத்தம் கட்டி, கால் தூணாக வீங்கி, தஞ்சாவூரில் பதினொரு நாள் கிடந்தவள் அவள். அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் பிழைப்பதே கஷ்டம், மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

இதற்கு முன் வந்த விராலிமலை வரனிடம் அப்பா இதை மறைக்காமல் சொன்னார். மறுநாளே போன் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். முந்தின வாரம்வரை பத்துக்கு ஒன்பது பொருந்திய ஜாதகம்! அதற்குப் பிறகு மாத்திரை அட்டை அரிசி வாளிக்குள் ஒளிந்துகொண்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே அவள் மாத்திரையை நிறுத்தினாள். அம்மாவிடம் மட்டும் சொன்னாள். திட்டுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று நினைத்தாள்.

"ஆறு நாளுதானே ஆத்தா. பல்லு வேலை முடியட்டும், அப்புறம் ஒழுங்காப் போட்டுக்கலாம்" என்றாள் பெற்றவள்.

அந்தப் பேச்சு இன்னும் அவளைச் சுட்டுக்கொண்டிருந்தது.

இயந்திரம் நின்றது.

டாக்டர் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் சிவப்பு, மேலே தண்ணீர், நடுவில் மஞ்சளாகத் திரண்டு நின்றது. இடுக்கியால் எடுத்தபோது அறுந்து விழாமல் முழுசாக வந்தது.

"அருமையா உறைஞ்சிருக்கு. இவ்வளவு கெட்டியா எல்லாருக்கும் வராது."

உண்ணாமலைக்கு வாயெல்லாம் பல். அதை போனில் படம் பிடித்து அங்கேயே மகனுக்கு அனுப்பினார். பிரகதீஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள், பாவி மகள்.

தைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தையல் பிரியக் கூடாது, இன்று முழுக்க வாயைத் திறந்து பேசக் கூடாது என்றார் டாக்டர்.

"அவ எப்பவுமே வாயத் தொறக்க மாட்டா டாக்டரம்மா" என்று சிரித்தார் உண்ணாமலை.

டாக்டர் கை கழுவப் போனதும், உண்ணாமலை ஆசாரியிடம் கொடுக்கக் கொலுசைக் கழற்றக் குனிந்தார். இடது காலில் கை வைத்தார். கொலுசு அசையவில்லை. சதையில் பதிந்து கிடந்தது.

"அட, கணக்கா இருக்கே! ஒரே வாரத்துல நல்லாத் தேறிட்டியே புள்ள. இனிமே கண்ணி கழட்ட வேணாம்."

காலையிலிருந்தே அந்தக் கெண்டைக்கால் கனத்து வலித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததால் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லியிருந்தாள். இப்போது பயத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கல்யாணமாவது ஒன்றாவது என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, மரத்த உதட்டைத் திறந்தாள்.

"உஸ், பேசாத. தையல் பிரிஞ்சிரப் போகுது" என்று அத்தை அவள் வாயைப் பொத்தினார்.

வலது கால் கொலுசு இன்னும் தொளதொளவென்றுதான் கிடந்தது. அதை அவர் பார்க்கவில்லை.