இரண்டு குரலுக்கு ஒரு நாற்காலி

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் இடம், கிளிஃப்" என்றாள் நிகழ்ச்சி மேலாளர் டெனீஸ்.

கடித்த டோனட்டை மெல்லாமல் நிறுத்தினான் கிளிஃப்.

அமெரிக்காவில் போட்டி போட்ட இரண்டு செயற்கைக்கோள் வானொலிகளும் ஒன்றாகிவிட்டன. இரண்டிலும் லாரி ஓட்டுநர்களுக்கென்று தனித்தனி நிகழ்ச்சி. இங்கே கிளிஃப். அங்கே லோனி ஹட்சின்ஸ். வருடக்கணக்காக இருவருக்கும் ஒலிபரப்பிலேயே சண்டை. லோனியின் குரலை ஓட்டை சைலன்சர் என்பான் இவன். இவனைப் பால்புட்டி என்பான் லோனி.

"ஐபாட், எஃப்.எம். எல்லாமே நமக்குப் போட்டின்னு சொல்லித்தான் அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்கினோம். நமக்குள்ளயே எதுக்குப் போட்டி?"

"நியாயந்தான்."

"வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஒரே ஸ்டூடியோவுல, நேரடியா மோதுங்க. கேக்கறவங்க ஓட்டுப் போடட்டும். லோனியை டெக்சஸ்லேருந்து வரவழைக்கறேன்."

கிளிஃபுக்கு வியர்த்தது. "வருவானா? அங்கேருந்தே பதிவு பண்ணி அனுப்பறவனாச்சே."

"வரலைன்னா வேலை போச்சு. ஏன், உதறுதா?"

"உண்மையைச் சொல்லுங்க. யாருக்கு ஆதரவு அதிகம்?"

அவள் தயங்கினாள். "லோனிக்குத்தான்."

"அப்ப நான் விலகிக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? இந்த வயசுல வேற எவன் வேலை தருவான்? மோதிப் பாக்காமலே ஓடறியே!"

"அவன் முன்னாடி என்னால நிக்கவே முடியாது, டெனீஸ்."

"எதிரிக்கு விட்டுக்கொடுக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்ப்பா. சரி, வெள்ளிக்கிழமை ரத்து. வேலை லோனிக்கு." தொலைபேசியை எடுத்தாள். "அவன்கிட்ட சொல்லிடறேன்."

"ஐயோ, இப்ப வேண்டாம்! நான் போனப்புறம் கூப்பிடுங்க. அதை வேற என் காதால கேக்கணுமா?"

"பாவம்டா நீ" என்று போனைக் கீழே வைத்தாள்.

கிளிஃப் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கி, காருக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். தலையைப் பின்னால் சாய்த்து நிம்மதியாக மூச்சுவிட்டான்.

டேஷ்போர்டு பெட்டிக்குள் மணி அடித்தது.

அங்கே ஒளித்துவைத்திருந்த இரண்டாவது செல்போனை எடுத்தான். தொண்டையைச் செருமி, குரலை அடிவயிற்றுக்கு இறக்கினான்.

"லோனி ஹட்சின்ஸ் பேசறேன்... என்னது, அந்தப் பால்புட்டி ஓடிட்டானா?"