நான்காவது சோதனை

என் மகள் வடிவுக்கு ஐம்பது வயதில் மறதி நோய் வரும் என்றது, மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ரத்தப் புரதச் சோதனை. என் காலத்தில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறும், நல்லதை வைத்துக்கொள்வோம். இப்போது நெல்லை, சென்னை, பினாங்கு மூன்றிலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

மாப்பிள்ளை செண்பகராமன் தனியாக வந்தான்.

"அது கெடக்கட்டும் மாமா. நான் வடிவைக் கட்டிக்கிடுதேன்."

எங்கள் குடும்பம் யாருடைய இரக்கத்திலும் வாழ்ந்ததில்லை.

"தப்புன்னு நிரூபிச்சுட்டுச் சொல்லி அனுப்புதேன். இப்பம் போயிட்டு வாங்க" என்றேன்.

நான்காவது ஊரிலும் அதே எண்தான் வந்தது. அதற்குள் அவனுக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது.

வடிவு அழவில்லை.

"அம்பது வயசுலதானப்பா மறதி வரும்? அதுவரைக்கும் நீங்க அவரை அனுப்பிவச்சது எனக்கு மறக்காது."